எழுத்தின் மேலும் கீழும்

நூலைத் திறனாய்வது போல ஓர் எண் அட்டவணையையும் திறனாய முடியுமா என்று வாசகப் பெருமக்கள் வியக்கக்கூடும். ‘யூனிகோடு’ என்றும் ‘ஒருங்குறி’ என்றும் வழங்கும் அட்டவணையையே ஈண்டு நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டுள்ளோம். உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் என்று வகுத்து, 1991 இல் முதற் பதிப்பாக வெளிவந்து, பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்துவரும் பெருநூல் அது. கைப்பேசித் திரையில் நாம் காணும் ‘க’ என்னும் எழுத்து அங்கே 2965 என்னும் எண்ணாகவே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வடிவமோ அவ்வெண்ணுக்கு எழுத்துரு போர்த்திய ஆடை. அட்டவணையில் எண் பெற்ற எழுத்தை எழுதலாம், தேடலாம், அகரவரிசையில் அடுக்கலாம், கடல் கடந்து அனுப்பலாம். எண் பெறாத எழுத்தைப் படம் பிடிக்கலாம், அவ்வளவே.

இப்பெருநூல் முழுவதையும் அலசுவது நம் நோக்கமன்று. எழுத்தின் தலைமேலும் காலடியிலும் இடப்படும் சிறு குறிகளை அது எவ்வாறு நடத்தியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கப் போகிறோம். நம் மத்ரஸாக்களில் பிள்ளைகள் ஜபர், ஜேர், பேஷ் என்று ஓதும் உயிர்க்குறிகள் ஒருபுறம். வியட்நாம், சீனம், தாய்லாந்து, கொரியா ஆகிய கீழ்த்திசை நாடுகளில் குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்ட இடும் தொனிக்குறிகள் மறுபுறம். இரண்டும் உருவில் சிறியவை. இரண்டும் பொருளை மாற்றும் ஆற்றல் உடையவை. கணினியில் இரண்டுக்கும் நேர்ந்த கதை ஏறக்குறைய ஒன்றே. அக்கதையில் நம் அரபுத்தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதாலேயே இத்தனை தொலைவு சுற்றி வருகிறோம்.

தொனி என்பது தமிழ்ச் செவிக்குப் பழக்கமில்லாத பொருள். நாம் ஒரு சொல்லை உரக்கச் சொன்னாலும் தாழச் சொன்னாலும், வினாவாக இழுத்தாலும், சொல்லின் அகராதிப் பொருள் மாறுவதில்லை. வியட்நாமியருக்கு அப்படியன்று. ‘ம’ என்று சமநிலையில் ஒலித்தால் பேய். ஏற்றி ஒலித்தால் கன்னம். இறக்கினால் ‘ஆனால்’ என்னும் இடைச்சொல். இன்னும் மூன்று வகையாகத் திருப்பினால் முறையே கல்லறை, குதிரை, நெல் நாற்று. ஆறு தொனிகளுக்கு ஐந்து குறிகள். சமநிலைத் தொனிக்குக் குறியில்லை. 1651 இல் ரோம் நகரில் அலெக்சாந்தர் தெ ரோத் பாதிரியார் அச்சிட்ட அகராதி தொட்டு இலத்தீன் எழுத்தின் மேலும் கீழும் இக்குறிகளை இட்டு வியட்நாமிய மொழி எழுதப்பட்டு வருகிறது. குறியை விட்டுவிட்டால் நாற்றுக்கும் கல்லறைக்கும் வேறுபாடில்லை.

இதைக் கேட்டு நகைக்க வேண்டியதில்லை. நம் ஓலைச்சுவடிகளில் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டாமல் எழுதிய காலம் ஒன்று இருந்தது. குறில் எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலை கிழியும் என்று அஞ்சிய எழுத்தாணி புள்ளியை விட்டுவிட்டது. ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஒரே வடிவில் நின்றன. ‘கொடு’வும் ‘கோடு’ம், ‘பெறு’வும் ‘பேறு’ம் அவ்வாறே. படிப்பவர் இடம் நோக்கிப் பொருள் கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இதைத் திருத்தி இன்றைய வடிவங்களுக்கு வழிவகுத்தார் என்பர். அந்நாளைய அரபுத்தமிழ்க் கிதாபுகளின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. அவை எழுத்துக்கு எழுத்து ஹரக்கத்து இட்டு எழுதப்பட்டவை. மெய்க்கு ஸுகூன், அகர இகர உகரங்களுக்கு அரபியின் மூன்று குறிகள், அரபியில் இல்லாத எகர ஒகரங்களுக்கெனத் தனியே ஆக்கிக்கொண்ட குறிகள். ஓலைத்தமிழில் தடுமாறிய கண் அரபுத்தமிழில் தடுமாறாது. நம் முன்னோர் ‘பிறமொழி எழுத்தில் தமிழைத் திணித்தார்கள்’ என்று எழுதுவோர், அத்திணிப்பில் இருந்த துல்லியத்தை ஏனோ கூறுவதில்லை.

இனி அட்டவணைக்கு வருவோம்.

வியட்நாமிய எழுத்துக்கு அது தந்த மரியாதை பெரிது. தொனிக்குறி முதலியவை முன்னரே சேர்த்துக் கட்டிய 90 எழுத்துகள், 7840 முதல் 7929 வரை ஒரே வரிசையாக அமர்ந்திருக்கின்றன. சீன மொழியை இலத்தீன் எழுத்தில் எழுதும் ‘பின்யின்’ முறையைச் சீன அரசு 1958 இல் ஏற்றது. 1980 ஆம் ஆண்டின் சீன அரசுத் தரத்தில் தொனிக்குறி தாங்கிய உயிரெழுத்துகள் இடம்பெற்றிருந்தன; ஆகவே அவையும் ஒருங்குறியில் ஆயத்த எழுத்துகளாகவே ஏறின. தாய்லாந்துக்காரர்களுக்கோ நான்கு தொனிக்குறிகள் தனித்தனிக் குறிகளாகவே கிடைத்தன. எழுத்தை முதலில் இட்டுக் குறியைப் பின்னர் இட வேண்டும். கொரிய மொழியின் கதை சுவையானது. 1446 இல் ஸெஜோங் மன்னர் வெளியிட்ட எழுத்தில், உயர்ந்த தொனிக்கு அசையின் இடப்பக்கம் ஒரு புள்ளியும், ஏறும் தொனிக்கு இரு புள்ளிகளும் இடப்பட்டன. அம்மொழியில் தொனி மங்கவே, 1600 ஆம் ஆண்டையொட்டி அப்புள்ளிகளும் வழக்கொழிந்தன. ஆயினும் பழைய நூல்களைப் பதிப்பிப்போருக்காக அந்த ஒற்றைப் புள்ளிக்கும் இரட்டைப் புள்ளிக்கும் அட்டவணையில் இடம் தரப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு இடப்பக்கம் நிற்கும் அப்புள்ளி, கணினியின் உள்ளே அசைக்குப் பின்னால் நிற்கும். நம் ‘கெ’யும் அப்படித்தான்: கொம்பு முன்னே தோன்றுகிறது, உள்ளே ககரத்துக்குப் பின்னேதான் கிடக்கிறது. தாய்லாந்தின் கொம்பு மட்டும் கண்ட வரிசையிலேயே, மெய்க்கு முன்பாகவே உள்ளேயும் வைக்கப்பட்டது. அந்நாட்டு அரசுத் தரம் அவ்வாறு இருந்தமையே காரணம்.

இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது நமக்கு ஓர் உண்மை புலப்படுகிறது. ஒரு குறியை எழுத்தோடு ஒட்டிக் கட்டுவதா, தனியே பிரித்து வைப்பதா, முன்னே வைப்பதா, பின்னே வைப்பதா என்பதைத் தீர்மானித்தது அக்குறியின் இலக்கணம் அன்று; அக்குறிக்குப் பின்னால் நின்ற அரசின் பழைய தரம். முன்னரே ஒரு தரத்தை வகுத்து அச்சிட்டு வைத்திருந்த நாடு தன் பெட்டியைத் திறந்து காட்டிற்று. அட்டவணை அப்படியே ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகள் பழுதின்றி மாற வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நியாயம்தான். அரசு இல்லாத எழுத்துகள் என்ன செய்யும் என்பதுதான் நம் வினா.

அரசு இல்லாத எழுத்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரோஹிங்கியா மக்களுடையது. தொனியுடைய அம்மொழியை அவர்கள் அரபு எழுத்திலும் எழுதிவந்துள்ளனர். ஒரு புள்ளி, இரு புள்ளி, ஒரு சிறு வளையம். இவை மேலே வந்தால் ஒரு தொனி, கீழே வந்தால் வேறு தொனி என ஆறு குறிகள். இந்த ஆறும் 2012 ஜனவரியில் வெளியான 6.1 ஆம் பதிப்பில்தான் எண் பெற்றன. 1980களில் முஹம்மது ஹனீஃப் என்பார் அம்மொழிக்கென்றே வகுத்த புதிய எழுத்து 2018 ஜூனில், 11.0 ஆம் பதிப்பில் ஏறிற்று. ஹர்பஹாய், தஹலா, தானா என்று தொனிக்குறிகள் மூன்று. ஷத்துப் போன்ற ‘தஸ்ஸி’ என்னும் இரட்டிப்புக் குறி ஒன்று. அதற்கு முந்திய ஆண்டில்தான் அம்மக்கள் பல இலட்சக் கணக்கில் வங்க தேசத்துக்கு விரட்டப்பட்டார்கள். நாட்டில் இடமில்லாதவர்களின் குறிக்கு அட்டவணையில் இடம் கிடைத்ததை நாம் பாராட்டுகிறோம்.

சீனத்து முஸ்லிம்கள் தம் மத்ரஸாக்களில் வளர்த்த ‘ஷியாவ் அர் ஜிங்’ என்னும் எழுத்தையும் இங்கே கூறுதல் தகும். சீன மொழியை அரபு எழுத்தில், ஹரக்கத்துகளை நிறைவாக இட்டு எழுதும் முறை அது. கிதாபின் ஓரத்தில் பொருள் குறிக்கப் பிறந்தது. நம் அரபுத்தமிழுக்கு உடன்பிறப்பு எனலாம். ஆனால் அதில் தொனிக்குறி இடும் வழக்கம் இல்லை. தொனி உயிரான ஒரு மொழியைத் தொனி காட்டாமல் எழுதியும் அவர்கள் படித்தார்கள். மொழி தெரிந்த நாவுக்கு அது போதுமாயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தாமே எழுதித் தாமே படிக்கும் எழுத்துக்கும், எழுதியவர் மறைந்தபின் பேரப்பிள்ளை படிக்க வேண்டிய எழுத்துக்கும் வேறுபாடு உண்டு. முன்னது குறியின்றி வாழும், பின்னது வாழாது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். காயல்பட்டினமும் கீழக்கரையும் இலங்கைக் கடற்கரை ஊர்களும் அரபுத்தமிழின் தாயகங்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) மார்க்கச் சட்டங்களை விளக்கி எழுதிய ‘மகானி’ போன்ற கிதாபுகளைப் பெண்மக்கள் வீட்டிலிருந்தே ஓதியறிந்தார்கள். நாம் இருக்கும் பள்ளிப்பட்டு அத்தாயகத்துக்குத் தொலைவானது. சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த எல்லைப்பகுதி இது. வீதியில் தமிழும் தெலுங்கும், பள்ளிவாசல் வட்டத்தில் உருதுவும் கேட்கும் ஊர். தெலுங்குக்கு எண் உண்டு, உருதுவுக்கு எண் உண்டு, தமிழுக்கு எண் உண்டு. எங்கள் பிள்ளைகள் மூன்றையும் கைப்பேசியில் தட்டுகிறார்கள். அவர்களிடம் அரபுத்தமிழில் ஒரு வரி தட்டித் தாருங்கள் என்றால் விழிக்கிறார்கள். எண் இல்லாமையால் அன்று. எண் உண்டு என்பதுதான் வியப்பு.

2015 ஜூனில் வெளியான 8.0 ஆம் பதிப்பில் அரபுத்தமிழுக்கென எழுத்துகள் சேர்க்கப்பட்டன. 2227 ஆம் எண்ணில், கீழே மூன்று புள்ளி பெற்ற ஐன். இது நம் ஙகரம். 2228 ஆம் எண்ணில், கீழே ஒரு புள்ளி பெற்ற காஃப். ‘மகன்’ என்பதிலன்றித் ‘தங்கம்’ என்பதில் ஒலிக்கும் ககரம். அதே பதிப்பில் 2275 ஆம் எண்ணில் ஓர் உயிர்க்குறி: திருப்பிப் போட்ட ளம்மு, எழுத்தின் கீழே இடுவது, இது எகரத்துக்கு. எஞ்சிய தமிழ் ஒலிகளுக்கு வேண்டியவற்றுள் பல, பிறமொழிகளின் பொருட்டு முன்னரே ஏறியிருந்தன. தாலின் கீழ்ப் புள்ளி டகரம். ஃபாவின் கீழ்ப் புள்ளி பகரம். ளாத்தின் கீழ்ப் புள்ளி ழகரம். (ரமளான் என்று நாம் ளகரம் இட்டு எழுதுவதும், ழகரத்துக்கு முன்னோர் ளாத்தைத் தேர்ந்ததும் ஒரே செவியின் வேலை. இதை ஆய்வாளர் எவரேனும் விரித்து எழுதலாம்.)

இங்கே அட்டவணைக்காரர்கள் கையாண்ட ஒரு பாகுபாட்டை மனமுவந்து புகழ வேண்டும். அரபு எழுத்தில் புள்ளிகள் இரு வகை. பாவையும் தாவையும் ஸாவையும் வேறுபடுத்தும் புள்ளி ‘இஃஜாம்’. அஃது எழுத்தின் உறுப்பு. ஃபத்ஹு, கஸ்ரு, ளம்மு முதலியன ‘தஷ்கீல்’. அவை எழுத்தின் மேல் ஏறிய சவாரி. ஒருங்குறி முன்னதை எழுத்தோடு பிரிக்க இயலாதபடி ஒரே எண்ணாகக் கட்டிற்று. பின்னதைத் தனிக்குறியாக விட்டது. நம் மத்ரஸாவின் முதல் வகுப்புப் பாடம் இதுவே. அதைப் பிழையறக் கற்றிருக்கிறார்கள்.

ஆனால் அப்பாகுபாட்டின் விளைவையும் பார்க்க வேண்டும். வியட்நாமிய எழுத்து ஒன்றை எடுத்துக்கொள்வோம்: தலையில் தொப்பி, காலில் புள்ளி கொண்ட ‘எ’. இதை 7879 என்னும் ஒரே எண்ணாக எழுதலாம். தொப்பியிட்ட எழுத்தோடு புள்ளி சேர்க்கலாம். புள்ளியிட்ட எழுத்தோடு தொப்பி சேர்க்கலாம். வெற்றெழுத்தோடு இரண்டையும் இரு வரிசையில் சேர்க்கலாம். ஆக ஐந்து வழி. ஐந்தும் ஒன்றே என்று அட்டவணை விதி செய்திருக்கிறது. விதிப்படி இயங்கும் கணினி எவ்வழியில் எழுதினாலும் ஐந்தையும் ஒருங்கே தேடித் தரும். அரபுத்தமிழின் டகரத்துக்கு இச்சலுகை இல்லை. தாலைத் தட்டி, பொதுவான கீழ்ப்புள்ளி ஒன்றை அதன் அடியில் ஒட்டினால், திரையில் டகரம் போலவே தோன்றும். கணினிக்கோ அது டகரம் அன்று. தால், கூட ஒரு புள்ளி. ஒருவர் முறையான டகரத்தில் எழுதிய கிதாபை, மற்றொருவர் ஒட்டுப் புள்ளியால் தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. கண் ஒன்று என்கிறது. எண் வேறு என்கிறது. ஙகரத்துக்கு இன்னொரு வலை உண்டு. மலாய் மக்களின் ஜாவி எழுத்தில் ஙகரம் என்பது மேலே மூன்று புள்ளி பெற்ற ஐன். ஜாவி விசைப்பலகை எளிதில் கிடைப்பதால் நம்மவர் அதை எடுத்து ஆளக்கூடும். நம் எழுத்துக்கெனக் கேட்டுப் பெற்ற 2227 வெறுமனே கிடக்கும்.

எண் கொடுத்தவர்கள் எண்ணை மட்டுமே கொடுத்தார்கள். எந்த ஒலிக்கு எந்த எண் என்று ஓர் ஒழுங்கை நாம் வகுத்துக்கொள்ளவில்லை. கிதாபுக்குக் கிதாபு, எழுதியவரின் கைக்குக் கை, புள்ளியின் இடம் மாறுவதும் உண்டு. அம்மாற்றத்தை அப்படியே காட்டுவதா, ஒரு நிலைக்குக் கொணர்ந்து காட்டுவதா என்பது பதிப்பாசிரியன் தீர்க்க வேண்டிய வழக்கு. அதைத் தீர்க்க ஒருங்குறிக் குழு வாராது. சென்ற ஆண்டு ஒரு நூலகத்தின் கணினிப் பட்டியலைப் பார்த்தோம், பெயர் வேண்டாம். கல்லச்சில் பதித்த நல்லதோர் அரபுத்தமிழ்க் கிதாபின் படம் அதில் இருந்தது. மொழி என்னும் கட்டத்தில் ‘உருது’ என்று பதிந்திருந்தார்கள். பட்டியலிட்டவரைக் கடிந்து பயனில்லை. படத்துக்கு வாயில்லை, எழுத்தாக இருந்திருந்தால் முதற் சொல்லே தமிழ் என்று சொல்லியிருக்கும்.

புகழ்ந்ததோடு நில்லாமல் அட்டவணையின் பெரும்பிழை ஒன்றையும் சுட்டுவது திறனாய்வாளன் கடன். ‘ரப்பி’ என்னும் சொல்லில் பாவுக்கு ஷத்தும் உண்டு, கஸ்ரும் உண்டு. ஷத்தே முதல், எழுத்து இரட்டித்த பின்னரே உயிர் ஏறும். எழுத்துக்கூட்டும் சிறு பிள்ளைக்கும் இது தெரியும். ஒருங்குறியோ ஒவ்வொரு குறிக்கும் ஒரு வரிசை எண் வைத்திருக்கிறது: ஃபத்ஹுக்கு 30, ளம்முக்கு 31, கஸ்ருக்கு 32, ஷத்துக்கு 33. எழுத்துகளை ஒழுங்குபடுத்தும்போது கணினி இவ்வெண்ணின்படி அடுக்கும். ஆகவே நாம் ஷத்தை முன்னும் கஸ்ரைப் பின்னும் தட்டினாலும், ஒழுங்குபடுத்தியபின் கஸ்ரு முன்னே போய் ஷத்து பின்னே நிற்கும். குதிரைக்கு முன்னே வண்டியைப் பூட்டியது போன்ற நிலை. பின்னர் தனி விதி ஒன்றை வகுத்து, திரையில் காட்டும்போது மட்டும் ஷத்தை மீண்டும் முன்னே கொணரச் செய்தார்கள். உள்ளிருக்கும் வரிசை மாறவில்லை, மாறவும் மாறாது. ஒருமுறை பதிந்ததை மாற்றுவதில்லை என்பது அவர்கள் விரதம்.

அவ்விரதத்தின் கடுமைக்குக் கீழ்த்திசையிலிருந்தே ஒரு சான்று. லாவோ மொழியில் மெய்யெழுத்தின் வகுப்பை ஒட்டியே அசையின் தொனி அமையும். ஃபகர ஒலிக்கு உயர் வகுப்பில் ஓர் எழுத்து, தாழ் வகுப்பில் ஓர் எழுத்து. அட்டவணையில் பெயர் சூட்டியபோது உயர்ந்ததற்குத் ‘தாழ்ந்தது’ என்றும், தாழ்ந்ததற்கு ‘உயர்ந்தது’ என்றும் மாற்றிச் சூட்டிவிட்டார்கள். பெயர் தவறு என்று அட்டவணையே அடியில் குறிப்பு எழுதியிருக்கிறது. பெயரோ அப்படியே இருக்கிறது. மத்னில் கைவைக்காமல் ஹாஷியாவில் திருத்தம் எழுதும் நம் பழைய உலமாக்களின் பண்பு இவர்களிடமும் இருக்கக் காண்கிறோம். இதைக் குறை என்று முற்றும் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. இன்று ஒருவர் எழுதி வைத்த கிதாபு ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் அதே எழுத்தாகத் திறக்க வேண்டுமானால் எண் அசையாதிருக்க வேண்டும். அசையாத எண்ணுக்குக் கொடுக்கும் விலைதான் அசையாத பிழை.

தமிழுக்கே இவ்வழக்கு உண்டு என்பதை வாசகர் அறிவர். 1988 ஆம் ஆண்டின் இந்தியத் தரத்தை ஒட்டித் தமிழ் ஒருங்குறியில் ஏறியமையால், உயிர்மெய்யான ககரத்துக்கு ஓர் எண்ணும், மெய்யான ‘க்’ என்பதற்கு ககரமும் புள்ளியுமாக இரண்டு எண்களும் வந்து வாய்த்தன. மெய்யே முதல், உயிர் பின்னர் ஏறும் என்னும் தமிழிலக்கணத்துக்கு இது தலைகீழ். இதை ஆற்றாத அறிஞர்கள் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் மற்றொரு முறையை வகுத்தனர். 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியோடு அதையும் தரமாக அறிவித்தது. பொதுமக்களின் கைப்பேசியில் இன்று ஆள்வது ஒருங்குறியே. இலக்கணப்படி தமிழறிஞர் பக்கமே நியாயம் என்பது நம் கருத்து. வழக்கு தோற்றபின் நியாயத்தைப் பேசிக் கொண்டிராமல், கிடைத்த எண்களில் எழுதிக் குவித்தார்கள் அல்லவா, அதுவே நமக்குப் பாடம்.

அரபுத்தமிழ்க் கிதாபுகளைத் தமிழெழுத்தில் பெயர்த்து அச்சிட்டுவிட்டால் போதாதா, இத்தனை புள்ளிகளுக்கு ஏன் அலைய வேண்டும் என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். பெயர்த்து அச்சிடுவது நற்பணி, பலர் செய்துமிருக்கின்றனர். ஆனால் மூலத்தை எழுத்தாக்கிய பின்னர் செய்ய வேண்டிய பணி அது. தமிழெழுத்தில் ‘கல்பு’ என்று எழுதுகிறோம். காஃபில் பெரிய காஃப் இட்டால் அது உள்ளம். சிறிய காஃப் இட்டால் நாய். அரபுத்தமிழில் எழுதிய ஆலிம் எழுத்தைத் தேர்ந்தெடுத்து எழுதியிருக்கிறார். பெயர்த்தவுடன் அத்தேர்வு அழிந்துபோகிறது. ஸீனும் ஸாதும் ஸாவும் ஒரே ஸகரமாகக் கலந்துவிடுகின்றன. தொனிக்குறி களைந்த வியட்நாமியத்தில் நாற்றும் கல்லறையும் கலப்பது போலத்தான் இதுவும். இன்று இடம் நோக்கிப் பொருள் கொள்ள நமக்கு அரபி தெரிகிறது. பெயர்ப்பு நூலை மட்டும் கையில் பெறப்போகும் தலைமுறைக்கு என்ன தெரியும் என்பதை நாம் முன்கூட்டி உறுதி கூற முடியுமா?

அரபுத்தமிழ் வழக்கொழிந்தது, ஒழிந்ததற்கு உயிர்க்குறி எதற்கு என்பாரும் உளர். கொரியாவின் இரு புள்ளிகளை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். நானூறு ஆண்டுகளாக எவரும் தம் எழுத்தில் இடாத புள்ளி அது. அதற்கும் எண் வாங்கி, எழுத்துரு செய்து, ஸெஜோங் காலத்து ஏடுகளை எழுத்துக்கெழுத்து கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். அரபுத்தமிழோ பாட்டிமார் ஓதக் கேட்ட பேத்திமார் இன்றும் உயிரோடிருக்கும் எழுத்து. அவர்களிடம் கேட்டு எழுத நமக்கு இன்னும் சில ஆண்டுகளே உண்டு. கிதாபில் ஐயம் தோன்றும் இடத்தில் ‘இப்படித்தான் ஓதுவோம்’ என்று சொல்லும் நாவு போய்விட்டால், பின்னர் கணினி எத்தனை கூர்மையாயினும் எகரமா ஒகரமா என்று கரிந்த கல்லச்சுத் தாளைப் பார்த்து ஊகித்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. காயலிலும் கீழக்கரையிலும் கொழும்பிலும் உள்ள அரபுத்தமிழ் வல்லுநர் சிலர் கூடி, இன்ன ஒலிக்கு இன்ன எண் என்று ஒரு பக்கத்தில் அடங்கும் அட்டவணை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். மாற்று வடிவங்கள் உள்ள இடத்தில் எது மத்ன், எது ஹாஷியா என்று குறித்துவிட வேண்டும். பிறகு ஒரு கிதாபு. ‘மகானி’யே ஆகட்டும், அதில் ஒரே ஒரு பாபு ஆகட்டும். அதைத் தட்டி முடிக்கும்போது எந்தப் புள்ளிக்கு இடமில்லை, எந்தக் குறி எழுத்துருவில் தோன்றவில்லை என்பது தானே வெளியாகும். இடமில்லாததற்கு அப்போது விண்ணப்பம் எழுதலாம். ரோஹிங்கியாக்கள் தமக்கென ஓர் அரசில்லாமலே எண் பெற்றார்கள்.

இக்கட்டுரையை எழுதுமுன் எங்கள் மாணவர் ஒருவர் 2275 ஆம் எண்ணுக்குரிய எகரக் குறியைத் தம் கைப்பேசியில் வரவழைக்க முயன்றார். அவரிடமிருந்த மூன்று அரபு எழுத்துருக்களில் ஒன்று அதை எழுத்தின் கீழே முறையாக இட்டது. ஒன்று பக்கத்தில் தள்ளி வைத்தது. மற்றொன்றில் வெற்றுக் கட்டம் மட்டுமே தோன்றிற்று.